பன்றிக்குட்டி பொறித்த காசு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் தூத்துக்குடிக்காரன்; சரக்குக் கப்பல் ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் கப்பல் பழுதுபார்ப்புக்காகக் கிரேக்க நாட்டின் எலெஃப்சினா விரிகுடாவில் மூன்று வாரம் நின்றிருந்தது. விடுப்புக் கிடைத்த ஒருநாள் ஏதென்ஸுக்குப் போய் அங்குள்ள நாணய அருங்காட்சியகத்தைப் பார்த்துவந்தேன். வெள்ளிக் காசுகள் இருந்த பேழைகளின் முன்னால்தான் கூட்டம் நின்றது. நான் சற்றுத் தள்ளி இருந்த வெண்கலக் காசுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றில் ஒரு பன்றிக்குட்டி நின்றது. டிமீட்டர் என்னும் தானியத் தேவியின் மறைசடங்கோடு தொடர்புடைய காசு என்று குறிப்பில் எழுதியிருந்தார்கள்.

அன்றிலிருந்து சில கேள்விகள் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பன்றி அந்தத் தேவியின் வாகனமா? நம் நாட்டில் பன்றி உருவத்தால் வராகன் என்று பெயர்பெற்ற பொற்காசு இருந்ததே, அதுபோல இதுவும் ஒரு தெய்வ வடிவமா? அங்கே ஒரு வழிகாட்டி, கிரேக்கக் காசில் இருக்கும் ஒவ்வோர் உருவமும் மதச் சின்னம்தான் என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அது சரியா? இன்னொன்றும் கேட்க வேண்டும். மீனும் கீரையும் வாங்கப் பயன்பட்ட, கைமாறிக் கைமாறித் தேய்கிற, மிகக் குறைந்த மதிப்புள்ள காசில் தெய்வத்தைப் பொறிப்பதை அவர்கள் அவமதிப்பாக நினைக்கவில்லையா? காசு காலில் பட்டாலே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்த எனக்கு இது விளங்கவில்லை. நேரம் இருக்கும்போது எழுதுங்கள்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்,

நீங்கள் பார்த்த காசின் ஊரிலேயே மூன்று வாரம் இருந்திருக்கிறீர்கள். உங்கள் கப்பல் நின்றிருந்த எலெஃப்சினாதான் பழைய எலியூசிஸ். இன்று அங்கே கப்பல் பட்டறைகளும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் இருப்பதால் பலருக்கு இந்தத் தொடர்பு தோன்றுவதில்லை. அந்தக் காசில் பன்றிக்குட்டியின் முதுகுக்கு மேலே சில கிரேக்க எழுத்துகள் இருந்திருக்கும். அவை அந்த ஊரின் பெயரைத்தான் சொல்கின்றன.

காசையே முதலில் பார்த்துவிடுவோம். சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியது. எடை மூன்று, நான்கு கிராம் இருக்கும். காலம் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியும் அதற்குப் பிந்திய ஆண்டுகளும். முன்புறத்தில் ஓர் இளைஞன் சிறகு முளைத்த தேரில் அமர்ந்திருக்கிறான்; தேரை இழுப்பவை இரண்டு பாம்புகள்; அவன் கையில் தானியக் கதிர். இவன் டிரிப்டோலெமஸ். டிமீட்டர் தானியத்தை இவனிடம் கொடுத்து, உலகெங்கும் போய் உழவைக் கற்றுக்கொடுக்கச் சொல்லி அனுப்பினாள் என்பது எலியூசிஸின் கதை. வாகனம் என்று சொல்ல வேண்டுமானால் இந்தப் பாம்புத் தேரைத்தான் சொல்லலாம். பின்புறத்தில் பன்றிக்குட்டி நிற்கிறது. அது நிற்கும் கோட்டைத் தரை என்று நினைத்துவிடுவோம். உற்றுப் பார்த்தால் அது ஒரு கோல். மிர்ட்டில் என்னும் செடியின் கிளைகளைக் கட்டாகச் சேர்த்து இடையிடையே வளையமிட்டு இறுக்கிய கோல் அது. பாக்கோஸ் என்று அதற்குப் பெயர். தீட்சை பெற்றவர்களுக்கு மட்டுமே உரிய அந்த மறைசடங்கில் தீட்சை பெறப் போகிறவர்கள் ஊர்வலத்தில் அதைக் கையில் ஏந்திச் செல்வார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. பன்றி டிமீட்டரின் வாகனம் அன்று. அவளுடைய வடிவமும் அன்று. அது அவளுக்குக் கொடுக்கப்படும் பலி. தீட்சை பெற விரும்பியவர் ஆணோ பெண்ணோ, குடிமகனோ அடிமையோ, யாராயினும் ஆளுக்கு ஒரு பன்றிக்குட்டியைக் கொண்டுவர வேண்டும். போட்ரோமியோன் மாதத்தில், அதாவது நம் கணக்கில் செப்டம்பரும் அக்டோபரும் சேரும் நாட்களில், விழா தொடங்கும். அதில் ஒருநாள் ‘தீட்சையரே, கடலுக்கு!’ என்ற அறிவிப்பு எழும். எல்லோரும் ஏதென்ஸிலிருந்து கடற்கரைக்குப் போய்த் தாங்களும் மூழ்கித் தங்கள் பன்றிக்குட்டியையும் குளிப்பாட்ட வேண்டும். அப்படிப் பிரேயஸ் துறைமுகத்தின் காந்தரோஸ் பகுதியில் பன்றிக்குட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பெரிய மீன் ஒன்று கவ்வி, வயிறுவரை விழுங்கிவிட்டதாகக் கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதியிருக்கிறார். கடலோரத்தில் வளர்ந்த உங்களுக்கு அந்தக் காட்சியை நான் விவரிக்க வேண்டியதில்லை: கரையெங்கும் ஆட்கள், கைக்குள் அடங்காமல் திமிறிக் கத்தும் நூற்றுக்கணக்கான குட்டிகள், கலங்கிய உப்புநீர். அதன் பிறகு பலி. சில நாள் கழித்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள எலியூசிஸுக்குப் புனிதப் பாதை வழியாக நடை.

இந்தக் குட்டி இல்லாமல் தீட்சை இல்லை என்பது ஊரறிந்த செய்தி. கி.மு. 421இல் மேடையேறிய அரிஸ்டோபனீஸின் நாடகம் ஒன்றில், சாகப்போகிறாய் என்று மிரட்டப்படும் உழவன், ‘பன்றிக்குட்டி வாங்க மூன்று திராக்மா கடன் கொடு; சாவதற்கு முன் நான் தீட்சை பெற்றாக வேண்டும்’ என்கிறான். தீட்சை பெற்றவர்களுக்கு மறுமையில் நல்வாழ்வு உண்டு என்ற நம்பிக்கை அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. மூன்று திராக்மா என்பது அக்காலத்தில் ஒரு கைத்தொழிலாளியின் மூன்று நாள் கூலிக்குச் சமம். ஏதென்ஸில் ஒரு திராக்மாவுக்கு ஆறு ஒபோல். ஒரு ஒபோலுக்கு எட்டு கால்குஸ். கால்குஸ் என்றால் செம்பால் அல்லது வெண்கலத்தால் ஆனது என்று பொருள். அதுவே அவர்களுடைய சின்னக் காசின் பெயரும். அந்தக் கணக்கில் ஒரு பன்றிக்குட்டியின் விலை 144 கால்குஸ். எளியவன் ஒருவன் தீட்சைக்காகச் சேர்த்துவைத்த காசுகளில் சிலவற்றில் இந்தக் குட்டியின் உருவமே இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். மற்ற எந்தக் கிரேக்கக் காசும் எனக்கு இவ்வளவு நெருக்கமாகத் தோன்றியதில்லை.

இதில் இன்னொரு செய்தி அடங்கியிருக்கிறது. எலியூசிஸ் தனி நகர அரசு அன்று. ஏதென்ஸுக்கு உட்பட்ட ஊர்களில் ஒன்று. அந்த ஊர்களில் வேறு எதன் பெயரிலும் இப்படிக் காசு வெளிவரவில்லை. ஆகவே விழாக்கூட்டத்தின் சில்லறைத் தேவையை ஒட்டி ஏதென்ஸ் அரசே இதை அடித்தது என்று கொள்வதே பொருத்தம். ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில் உணவுக்கும் விறகுக்கும் பலிப்பொருளுக்கும் சில்லறை வேண்டும். விழா முடிந்த பிறகும் காசு நின்றுவிடவில்லை. ஏதென்ஸின் சந்தைவெளியான அகோராவில் நடந்த அகழாய்வுகளிலும் இவை கிடைத்திருக்கின்றன.

எலியூசிஸ் சடங்கின் உள்ளே நடந்தது என்ன என்பது இன்றுவரை யாருக்கும் முழுமையாகத் தெரியாது. அதை வெளியில் சொல்வது கடுங்குற்றம். கி.மு. 415இல், அந்தச் சடங்கைத் தனி வீட்டில் நடித்துக்காட்டினார் என்ற குற்றச்சாட்டில் அல்கிபியாடிஸ் என்ற புகழ்பெற்ற படைத்தலைவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, அவருடைய சொத்து ஏலம் விடப்பட்டது. அப்படிக் காக்கப்பட்ட ஒரு மறையைப் பற்றிய காசை எல்லோர் கைக்கும் கொடுத்தார்கள் என்றால் எதைப் பொறித்தார்கள் என்று பாருங்கள். கடலில் குளிப்பாட்டிய குட்டி, ஊர்வலத்தில் ஏந்திய கோல், எல்லோரும் அறிந்த டிரிப்டோலெமஸின் கதை: மூன்றும் பகலில், பலர் பார்க்க நிகழ்ந்தவை அல்லது சொல்லப்பட்டவை. மண்டபத்துக்குள் இரவில் காட்டப்பட்டது எதுவும் காசில் இல்லை. எந்த இடம் வரை பேசலாம், எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்ற எல்லையை அந்தச் சிறு காசு மிகத் துல்லியமாகக் காட்டுகிறது. தீட்சை பெற்றவர் அதைப் பார்த்தபோது அவருக்குள் எழுந்த நினைவு வேறு. பெறாதவர் கண்டது வெறும் பன்றிக்குட்டி.

வராகனோடு நீங்கள் ஒப்பிட்டது இயல்பானதே. ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள தொலைவு பெரிது. வராகம் திருமாலே எடுத்த உரு. பூமியைக் கொம்பில் ஏந்தி மீட்ட தெய்வம். சாளுக்கியர் அதைத் தங்கள் கொடியிலும் முத்திரையிலும் வைத்தது ஆட்சிக்குரிய அடையாளமாக. எலியூசிஸின் குட்டி யாரையும் மீட்கவில்லை; தன் உயிரைக் கொடுக்கிறது. டிமீட்டரின் மகளைப் பாதாளத்தின் தலைவன் கவர்ந்து சென்றபோது நிலம் பிளந்ததென்றும், அங்கே மேய்ந்துகொண்டிருந்த யூபூலியஸ் என்பவனின் பன்றிகளும் அந்தப் பிளவில் விழுந்து மறைந்தன என்றும் ஒரு கதை உண்டு. டிமீட்டருக்குரிய மற்றொரு விழாவான தெஸ்மோபோரியாவில் பெண்கள் பன்றிக்குட்டிகளைக் குழிகளில் இடுவார்கள்; பிறகு மட்கிய எச்சத்தை எடுத்துப் பலிபீடத்தில் வைத்து விதையோடு கலப்பார்கள். மண்ணுக்குள் போவதும் மண்ணிலிருந்து மீண்டு கதிராவதும்தான் அந்தத் தேவியின் முழுக் கதை. பன்றி அந்தக் கதையில் மண்ணுக்குள் போகும் உயிர்.

கிரேக்கக் காசுகளைப் பார்க்கும் தமிழருக்கு உடனே வரும் தடுமாற்றம், விலங்கைக் கண்டதும் வாகனம் என்று நினைப்பது. அதீனாவுக்கு ஆந்தை, ஜீயஸுக்குக் கழுகு என்று பார்த்ததும் முருகனுக்கு மயில், சிவனுக்குக் காளை என்று மனம் பொருத்திக்கொள்கிறது. அப்ரோடைட்டி அன்னத்தின்மேல் அமர்ந்திருக்கும் ஓவியங்கள் உண்டு. டயோனிசஸ் சிறுத்தைமேல் வருவதும் உண்டு. ஆயினும் ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு வாகனம் என்ற நம்முடைய முறைமை அங்கே இல்லை. கோயிலுக்குள் மூலவரை நோக்கி அமர்ந்திருக்கும் நந்திக்கு இணையாக அதீனாவின் கோயிலில் ஆந்தை வைக்கப்படவில்லை. காசில் விலங்கு தெய்வத்தோடு நிற்கும்போது அது பலியாக இருக்கலாம், தெய்வமே ஒருகால் எடுத்த உருவாக இருக்கலாம், தெய்வத்தின் செயலைக் குறிக்கும் துணையாக இருக்கலாம். எது என்பதை அந்தந்த ஊரின் சடங்கைக் கேட்டால்தான் தெரியும்.

பெர்கமம் நகரத்தின் வெண்கலக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 2ஆம், 1ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அதன் முன்புறத்தில் மருத்துவத் தெய்வமான அஸ்கிலீப்பியஸின் தாடி வைத்த தலை. பின்புறத்தில் பாம்பு சுற்றிய ஒரு திருக்கல். ‘மீட்பரான அஸ்கிலீப்பியஸுடையது’ என்ற எழுத்து. அங்கே பாம்பு தெய்வத்தின் உருவமாகவே வருகிறது. எபிடாரஸ் என்ற ஊரிலிருந்த அவருடைய கோயிலில் உறங்கியவர்களைப் பாம்பு வந்து தொட்டுக் குணமாக்கியதாகக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் கொள்ளைநோய் பரவியபோது, எபிடாரஸிலிருந்து ரோமர் அழைத்துச் சென்றது ஒரு பாம்பைத்தான். அது கப்பலிலிருந்து இறங்கிய டைபர் ஆற்றுத் தீவில் கோயில் எழுந்தது. கருங்கடல் கரையில், இன்றைய உக்ரைனில் இருந்த ஓல்பியா இதையும் தாண்டிப் போனது. அங்கே டால்பின் மீனின் வடிவத்திலேயே வெண்கலத்தை வார்த்துக் காசாக வழங்கினார்கள். வட்டமான வில்லையில் மீனைப் பொறிக்கவில்லை, காசே மீன். ஓல்பியாவை நிறுவியவர்கள் மிலீட்டஸ் நகரத்தார். மிலீட்டஸின் தலைமைத் தெய்வம் டெல்பினியோஸ் என்ற பெயர் கொண்ட அப்பல்லோ. அவன் டால்பினாக உருமாறிக் கடலில் போய்க்கொண்டிருந்த கிரீட் நாட்டுக் கப்பலில் பாய்ந்து, மாலுமிகளைக் கரைக்கு அழைத்துவந்து தன் பூசாரிகள் ஆக்கிக்கொண்டான் என்று பழைய துதிப்பாடல் சொல்கிறது. கடலோடிகள் குடியேறிய ஊரில் அந்த மீன் என்ன சொல்லியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் வழிகாட்டி சொன்னதை நான் ஏற்கவில்லை. எல்லா உருவமும் மதச் சின்னம் என்று சொல்லிவிட்டால், உண்மையில் மதம் பேசும் காசின் குரல் கேட்காமல் போய்விடும். ரோட்ஸ் தீவின் காசில் ரோஜா இருக்கிறது. கிரேக்கத்தில் ரோடோன் என்றால் ரோஜா. ஊர்ப்பெயரின் ஒலியை உருவமாக வரைந்திருக்கிறார்கள். செலினஸ் என்ற சிசிலி நகரத்தின் காசில் செலினோன் என்னும் கீரையின் இலை. போக்கையா நகரத்துக்குப் போக்கே என்னும் கடல்நாய். இவற்றில் சொல்விளையாட்டே முதன்மை. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் ஊர் எது என்று சொல்லிவிடும் வழி அது. அந்த ரோஜாவின் மறுபுறத்தில் பெரும்பாலும் சூரியத் தெய்வமான ஹீலியோஸின் முகம் இருந்தது என்பது உண்மையே. அதனால் ரோஜாவே சூரிய வழிபாட்டின் குறியீடு என்று விளக்கம் கொடுப்பது தலைகீழாகப் படிப்பதாகும்.

காசு அடித்த நகரம் தன் நோக்கத்தைத் தானே சொன்ன ஓர் ஆவணமும் நம்மிடம் இருக்கிறது. ஹெலஸ்பாண்ட் நீரிணைக் கரையிலிருந்த செஸ்டோஸ் நகரம் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேனாஸ் என்ற குடிமகனைப் பாராட்டிக் கல்வெட்டு ஒன்று வெட்டியது. நகரம் தனக்கென வெண்கலக் காசு வெளியிடத் தீர்மானித்தபோது அந்தப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார்கள். காரணம் இரண்டு சொல்லப்பட்டிருக்கிறது: நகரத்தின் முத்திரை வழக்கில் இருக்க வேண்டும், அதனால் வரும் வருவாய் மக்களுக்குச் சேர வேண்டும். வெண்கலக் காசின் மதிப்பு அதிலுள்ள உலோகத்தின் மதிப்பைவிட மிகுதி. அந்த வேறுபாடு நகரத்தின் ஆதாயம். இந்த வரிகளில் தெய்வம் எங்கும் இல்லை. நகரத்தின் முத்திரை என்பதில் தெய்வம் அடக்கம் என்பதுதான் என் எண்ணம்; ஏனென்றால் நகரமும் அதன் தெய்வமும் அவர்களுக்கு இரு வேறு பொருள் அல்ல. நாணயத்தை அவர்கள் நோமிஸ்மா என்றார்கள். வழக்கம், சட்டம் என்று பொருள்படும் நோமோஸிலிருந்து வந்த சொல் அது. இயற்கையால் அன்றி வழக்கத்தால் மதிப்புப் பெறுவது என்று அரிஸ்டாட்டில் விளக்கினார். தங்கமும் வெள்ளியும் உருக்கினாலும் விலைபோகும். வெண்கலத்துக்கு அந்தப் பலம் இல்லை. ஊர் ஒப்புக்கொண்டால்தான் அது காசு. கிரீட் தீவின் கோர்டின் நகரம், வெண்கலக் காசை வாங்க மறுப்பவர்களுக்கு ஸ்டேட்டர் என்னும் வெள்ளிக் காசு ஐந்து தண்டம் என்றே சட்டம் எழுத வேண்டியிருந்தது.

இதனால்தான் வெண்கலக் காசு தொலைதூரம் போவதில்லை. ஏதென்ஸின் ஆந்தை பொறித்த வெள்ளிக் காசு எகிப்து முதல் ஆப்கானிஸ்தான் வரை கிடைத்திருக்கிறது; அது யாரிடமும் போய் எதையும் வாங்கிவரும். வெண்கலமோ பெரும்பாலும் அடித்த ஊரின் எல்லைக்குள் புழங்கி, அங்கேயே தொலைந்து, அங்கேயே மண்ணுக்குள் கிடக்கிறது. அந்நியருக்குப் புரிய வேண்டும் என்ற கவலை அதற்கு இல்லை. தன் ஊர்க்காரர்களோடு மட்டும் பேசுவதால் ஊரின் சிறிய விழாவை, ஒரு பலியை, ஒரு கோலை அது பொறிக்க முடிகிறது. வெள்ளியில் அதீனா கம்பீரமாக இருக்கிறாள். பன்றிக்குட்டிக்கு வெண்கலத்தில்தான் இடம் கிடைத்தது. வெண்கலத்தின் முன் நின்ற உங்கள் கண்ணை நான் பாராட்டுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் தம் சேகரிப்பிலிருந்த, சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரத்து வெண்கலக் காசு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அகலத்தில் நம் பத்து ரூபாய் நாணயத்துக்கு நெருக்கம். எடையோ அதைப்போல இருமடங்கு. பச்சைக் களிம்பு சீராகப் படிந்து, மேட்டுப் பகுதிகளில் மட்டும் பழுப்பு தெரிந்தது. கட்டைவிரலால் தடவியபோது ஜீயஸின் தாடிச் சுருள்கள் ஒவ்வொன்றாக நெருடின. பின்புறம் ஜீயஸின் ஆயுதமான இடி நிமிர்ந்து நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒரு சிறு கழுகு. முகத்தின் ஓரமாக ‘ஜீயஸ் எலூதெரியோஸ்’, விடுதலை அளிக்கும் ஜீயஸ், என்ற பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கி.மு. 466இல் சிரக்கூஸ் மக்கள் தங்கள் கொடுங்கோலனை விரட்டியபோது இந்த ஜீயஸுக்குப் பெருஞ்சிலை எழுப்பவும், ஆண்டுதோறும் விழா எடுத்து 450 காளைகளைப் பலியிடவும் தீர்மானித்ததாக வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதுகிறார். பின்னர் மீண்டும் கொடுங்கோலர்கள் வந்தார்கள். கி.மு. 344இல் கொரிந்து நகரத்திலிருந்து திமோலியன் ஒரு சிறுபடையோடு வந்து இரண்டாம் டயோனிசியஸை வெளியேற்றினார். அப்போது நூறாண்டுக்கு முந்தைய அதே தெய்வத்தின் பெயரைக் காசில் எழுதினார்கள். சிசிலியின் வேறு சில ஊர்களும் அந்தக் காலத்தில் தங்கள் காசை அடிக்க, கொடுங்கோலர் காலத்துப் பழைய வெண்கலக் காசுகளையே வில்லையாக எடுத்துக்கொண்டு, அவற்றின் மேலேயே புது அச்சைப் பதித்தன. சிலவற்றில் பழைய உருவத்தின் கோடுகள் புதியதன் அடியில் இன்றும் தெரியும். அந்தக் காசில் தெய்வத்தின் பெயர் ஓர் அரசியல் அறிவிப்பும் ஆகும், நன்றிக்கடனும் ஆகும். இரண்டையும் பிரித்துக் காட்டச் சொன்னால் சிரக்கூஸ்காரன் விழித்திருப்பான்.

இனி அவமதிப்புப் பற்றிய கேள்வி. உங்களுக்கு இன்னும் அதிர்ச்சி தரக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஏதென்ஸ்காரர்கள் சில்லறையை வாயில் போட்டு எடுத்துச் செல்வார்கள். அவர்கள் உடையில் பை இல்லை, கன்னமே சுருக்குப்பை. ஸ்பார்ட்டாவோடு நடந்த பெலோபொனீசியப் போரின் இறுதியில் வெள்ளி தீர்ந்துபோய், அக்ரோபோலிஸில் இருந்த வெற்றித் தேவியான நைக்கியின் தங்கச் சிலைகளையே உருக்கிக் காசாக்கிய நகரம், செம்பின்மேல் வெள்ளி பூசிய காசையும் வெளியிட்டது. சில ஆண்டுகள் கழித்து அதைச் செல்லாது என்று அறிவித்தது. அரிஸ்டோபனீஸின் பிற்கால நாடகம் ஒன்றில் ஒருவன், திராட்சை விற்ற செம்புக் காசுகளால் வாய் நிறைந்திருக்க, மாவு வாங்கச் சந்தைக்குப் போய்ப் பையை நீட்டிய அந்த நேரத்தில், இனிச் செம்பு செல்லாது என்று அறிவிப்பாளன் கூவியதைச் சொல்லிப் புலம்புகிறான். தெய்வ உருவம் பொறித்த காசு எச்சிலில் நனைந்துகொண்டிருந்தது. அந்த நகரத்தில் யாரும் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை.

எச்சில் தீட்டு என்ற எண்ணம் நம்முடையது. அவர்களுக்கும் தீட்டு உண்டு. ஆனால் அது சாவு, பிள்ளைப்பேறு, சிந்திய இரத்தம் ஆகியவற்றைச் சார்ந்தது. அதைவிட முக்கியமானது, காசிலிருந்த உருவம் பூசைக்குரிய திருமேனி அன்று. கோயிலுக்குள் நின்ற சிலைக்கு நீராட்டும் ஆடையும் உணவும் உண்டு. காசின் முகம் அந்தத் தெய்வம் எங்கள் ஊருக்கு உரியவர் என்று சொல்லும் அடையாளம். அதற்குப் பூசை இல்லை, ஆகவே அதைத் தீண்டுவதால் குற்றமும் இல்லை. இறந்தவரின் வாயிலும் காசு வைத்தார்கள். பாதாள ஆற்றைக் கடத்திவிடும் ஓடக்காரன் காரோனுக்குக் கூலி அது. கல்லறைகளில் கிடைப்பவற்றுள் பல, தேய்ந்த வெண்கலக் காசுகளே. நம் ஊரில் வாய்க்கரிசியோடு காசு வைக்கும் வீடுகள் உண்டு என்பதால், இதை நீங்கள் உடனே புரிந்துகொள்வீர்கள்.

தெய்வத்துக்கே காசு கொடுக்கும்போது மட்டும் அவர்கள் உலோகத்தைப் பார்த்தார்கள். ஓரோபோஸில் இருந்த ஆம்பியாரயோஸ் கோயிலில் சிகிச்சைக்கு வருபவர் உண்டியலில் ஒன்பது ஒபோலுக்குக் குறையாமல், அதுவும் நல்ல வெள்ளியாக, கோயில் காவலர் முன்னிலையில் இட வேண்டும் என்று கல்வெட்டு விதிக்கிறது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. கொரிந்து நகரத்து அஸ்கிலீப்பியஸ் கோயிலில் கிடைத்த கல் உண்டியலுக்குள் வெண்கலக் காசுகள் இருந்தன. அவற்றைப் போட்டவர்கள் எந்த நோயைச் சொல்லிப் போட்டார்களோ.

ரோமர் ஆட்சிக் காலத்தில் கிரேக்க நகரங்களின் வெண்கலக் காசு இன்னும் பெரிதாகி, கோயில் முகப்பையும் சிலையையும் அப்படியே பொறிக்கத் தொடங்கியது. நீளமாகப் பேச வேண்டிய தனிப்பொருள் அது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒலிம்பியாவில் பிடியாஸ் செய்த ஜீயஸ் சிலை அழிந்துவிட்டது. அது எப்படி இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்றுகளுக்கு வெளியே நாம் நம்பிப் பார்ப்பது, எலிஸ் நகரம் ரோமப் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் (கி.பி. 117-138) அடித்த சில வெண்கலக் காசுகளைத்தான். அரியணையில் அமர்ந்த தெய்வம், வலக்கையில் வெற்றித் தேவி, இடக்கையில் செங்கோல்: விரல்நுனியளவு இடத்தில் அந்தப் பேருருவம் தங்கியிருக்கிறது.

உங்கள் கப்பல் மீண்டும் எலெஃப்சினாவில் நின்றால் ஏதென்ஸுக்குப் போக வேண்டாம். துறையிலிருந்து நடந்தே போகும் தொலைவில் பழைய கோயில்வெளி இருக்கிறது. வாயிலருகே கல்லிகோரோன் என்ற வட்டக் கிணறு உண்டு. அதைச் சுற்றித்தான் எலியூசிஸ் பெண்கள் தேவிக்காக முதன்முதலில் ஆடினார்கள் என்பார்கள். அதைத் தாண்டி உள்ளே போனால், மறைசடங்கு நடந்த டெலஸ்டீரியன் மண்டபத்தின் தளமும், மலைச்சரிவில் பாறையைக் குடைந்து அமைத்த படிவரிசைகளும் இருக்கின்றன. தீட்சையர் அமர்ந்த அல்லது நின்ற படிகள் அவை. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் விரிகுடாவும் கப்பல்களும் தெரியும். பன்றிக்குட்டிக் காசை மறுபடி எங்காவது பார்க்க நேர்ந்தால், கோலுக்குக் கீழே இருக்கும் சிறு இடத்தையும் கவனியுங்கள். சில காசுகளில் அங்கே ஒரு காளைமண்டை இருக்கும், சிலவற்றில் ஓர் ஐவி இலை. கண்டதை எழுதுங்கள்.

அன்புடன்.